குடுவைச் செடிக்குக் கேட்ட தண்ணீர்

வேணுகோபாலுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததுமில்லை. பால்காரர் ஊற்றிய பாலில் நுரை அடங்கும்வரை அவரை வாசலிலேயே நிறுத்திவைப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கே கழற்றிவிட்டு, இன்னொன்றை மேற்கே போய்க் கழற்றுவார். ஜோடியாகக் கிடந்தால்தானே ஒருவன் மாட்டிக்கொண்டு போவான்! தன் கல்யாணத்திலேயே, தாலியைக் கட்டுவதற்கு முன்னால் ஆசாரி சொன்ன எடை இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த மனிதர் அவர். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததாக அவர் மனைவி ஜோதி இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராக உயர்ந்து, அரியலூரில் சொந்தமாக ஒரு வீடும் கட்டிக்கொண்டு ஓய்வு பெற்றவர். செக்கர் வேலை அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்ற செக்கர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று மரியாதையாகக் கை காட்டி ஏறுவார்கள். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் நிற்பார். சில சமயம் பையும் கையுமாக ஒரு பஸ்ஸில் ஏறி ஊரை விட்டே போவதுபோலக் காட்டி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸைப் பிடிப்பார். அவர் ஏறிய பஸ்ஸில் குழந்தைகூட அழாது என்று கண்டக்டர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் கஷ்டம். சந்தேகப்படுவதற்கு வீட்டில் ஜோதி ஒருத்திதான் இருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சுவாதி, அம்மா படும் பாட்டைப் போனில் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஒரு பார்சல் அனுப்பினாள். வேணுகோபால் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பிரித்தார். உள்ளே ஈரப் பாசியில் சுற்றிய ஒரு செடி இருந்தது.

"அப்பா, இது பூச்சி திங்கிற செடி. உங்க ஆளுப்பா. சும்மா உக்காந்திருக்கும். ஏமாந்து வர்றவனப் புடிச்சு உள்ள போட்டுக்கும்" என்றாள் சுவாதி.

அதன் இலை நுனி கம்பியாக நீண்டு, கம்பியின் முனையில் ஒரு குடுவை தொங்கியது. மேலே ஒரு மூடி, உள்ளே கொஞ்சம் நீர், வாய் விளிம்பில் பளபளவென்று தேன். முதல் நாளே ஓர் எறும்பு வந்தது. விளிம்பில் நின்று நக்கியது. இன்னும் கொஞ்சம் நக்கலாமே என்று காலை எடுத்து வைத்தது, வழுக்கியது, உள்ளே விழுந்தது. ஏற முயன்ற இடமெல்லாம் மெழுகாக வழுக்க, அப்படியே அடங்கிப்போனது. வேணுகோபால் நாற்காலியைச் செடியருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. மகளிடம் சொல்லி இன்னும் மூன்று தொட்டிகள் வரவழைத்தார். போர்ட்டிகோவில் காலை வெயில் விழும் இடத்தில் வரிசையாக வைத்தார். ஜோதியிடம் ஒருநாள்கூட 'சாப்பிட்டாயா' என்று கேட்காதவர், செடியிடம் கேட்டார்.

வளர்ப்பதற்குச் சுவாதி சொன்ன சட்டம் ஒன்றுதான். உரம் கூடாது, கடலைப் பிண்ணாக்கு கூடாது, குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். தண்ணீர் பிடிக்கும் குடத்தின் அடியில் வெள்ளை படிவது ஊரறிந்த விஷயம். அந்த உப்பெல்லாம் இந்தச் செடியின் வேருக்கு விஷம். மழைத் தண்ணீர் ஊற்றலாம். இல்லாவிட்டால் ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர்.

"நல்லது பண்றதா நெனச்சு எதையாவது ஊத்திடாதீங்கப்பா. நல்ல தண்ணிதான் அதுக்கு ஆகாது" என்று இரண்டு முறை சொன்னாள்.

பிடித்து வைத்த மழைத் தண்ணீர் தை மாதத்தோடு தீர்ந்தது. வேணுகோபால் வீட்டில் ஏ.சி. கிடையாது. தெருவில் ஏ.சி. இருந்த வீடு எதிர்வீடு ஒன்றுதான். அது மாயவன் வீடு. அங்கேதான் சிக்கல்.

மாயவனும் பஸ்ஸில் இருந்தவர்தான். கண்டக்டர். ஒருமுறை முந்திரிக் காலத்தில், கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில், கொட்டை பொறுக்கப் போகும் பெண்கள் மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்து நிற்க, வேணுகோபால் ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து ஏறினார். பின்பக்கம் இரண்டு பெண்களிடம் டிக்கெட் இல்லை. "முன்னாலேருந்து போட்டுக்கிட்டே வந்தேன் சார், அவங்ககிட்ட இன்னும் வந்து சேரல" என்றார் மாயவன். வேணுகோபால் நம்பவில்லை. மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மாயவனுக்குச் சஸ்பென்ஷன் வந்தது. இன்றைக்கு அதே பஸ்ஸில் அதே பெண்கள் போனால் கட்டணமே இல்லை என்பது வேறு கதை. மாயவன் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சொந்தமாக வயல் கிடையாது. உடையார்பாளையம் பக்கத்தில் வேணுகோபால் வீட்டாரைப் போன்றவர்களின் வயலில் இறங்கி வேலை செய்த குடும்பம். இப்போது மகன் வெளிநாட்டில் சம்பாதித்து, வேணுகோபால் வீட்டுக்கு எதிரிலேயே மாடி வைத்து வீடு கட்டிக் கொடுத்திருந்தான்.

பகையாளி வீட்டு ஏ.சி.யாக இருந்தாலும் செடி வாடக்கூடாது. வேணுகோபால் ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உங்க ஏ.சி.லேருந்து தண்ணி ஒழுகுதுல்ல? அது வேணும். கேன வச்சுட்டுப் போறேன், சாயங்காலம் எடுத்துக்கிறேன்."

எதற்கென்று சொல்லவில்லை. எங்கே இறங்குவோம், எங்கே ஏறுவோம் என்று முன்கூட்டிச் சொல்லிப் பழகாதவர். போதாக்குறைக்கு, தன் செடியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று மாயவனிடம் சொல்வானேன்? மாயவனும் கேட்கவில்லை. "அதுக்கென்ன சார், வச்சுட்டுப் போங்க" என்று வாங்கிக்கொண்டார். மாலையில் கேன் நிறைந்திருந்தது. செடிகள் மாசி முழுக்கப் புதுக் குடுவைகளாக விட்டன.

பங்குனியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மகளின் பிரசவத்துக்காக அரும்பாவூரில் தங்கியிருந்த மாயவன் மனைவி கலியம்மாள், மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிள்ளைக்குக் காதுகுத்து என்று மாயவன் பத்திரிகை கொடுக்க வந்தார். போர்ட்டிகோவில் தொட்டிகளைப் பார்த்ததும் குனிந்து நின்றுவிட்டார்.

"இது என்ன செடிங்க சார்? சொம்பு சொம்பா தொங்குது?"

"சும்மா அழகுக்கு" என்று சொல்லிவிட்டு வேணுகோபால் நடுவில் வந்து நின்று மறைத்துக்கொண்டார்.

காதுகுத்துக்குப் போனார். போகாவிட்டால் பயந்துவிட்டதாக நினைப்பார்கள் என்று போனார். பந்தியில் உட்காரச் சொன்னபோது, "சக்கரை இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். காரணம் சர்க்கரைதானா, அந்தப் பழைய பஸ் விவகாரமா, அதற்கும் பழையதான வேறு ஏதாவதா என்று யாராவது மடக்கிக் கேட்டிருந்தால் அவரே திணறியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் செடிகள் தளர ஆரம்பித்தன. முதலில் இலை நுனி பழுப்பானது. பிறகு புதிதாக வந்த குடுவைகள் சுண்டுவிரல் பருமனிலேயே கருகி நின்றன. பாசிமேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட மருந்துச் சீட்டைத்தான் முதலில் சந்தேகிக்கும் வேணுகோபால், இப்போது செடியின் முன்னால் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் விசாரணை தொடங்கியது. முதல் சந்தேகம் ஜோதிமேல்.

"ஏ ஜோதி, அரிசி கழுவுன தண்ணிய இதுல ஊத்துனியா?"

"நான் ஏங்க அது கிட்டப் போறேன்? எனக்கு விரலெல்லாம் வேணும்" என்றாள் அவள்.

ஜோதி தப்பினாள். போனில் படம் பார்த்த சுவாதி, "தண்ணிய மாத்துனீங்களாப்பா? உப்பு சேந்த மாதிரி இருக்கே. ஏ.சி. தண்ணியக் காச்சுனா அடியில ஒண்ணுமே மிஞ்சக்கூடாது, தெரியுமா" என்றாள். அவ்வளவு போதாதா? வேணுகோபால் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர்வீட்டிலிருந்து வந்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினார். சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் மிஞ்சியது. பிளேடால் சுரண்டி, காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்தியா? உப்பக் கலக்குறான். அன்னிக்குப் பத்திரிக குடுக்குறேன்னு வந்து நோட்டம் பாத்துட்டுப் போனான். அந்த சஸ்பெண்டுக்குப் பழி வாங்குறான்."

"ஏங்க, கொல்லணும்னு நெனக்கிறவரு கேன எதுக்குத் தேச்சுக் கழுவித் தரணும்? நம்ம வூட்லேருந்து போறப்ப அழுக்கும் மண்ணுமாப் போகுது, வர்றப்ப பளபளன்னு வருதே!"

"அதான் தடயத்த அழிக்கிறது" என்றார் வேணுகோபால். ஜோதி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கையும் களவுமாகப் பிடிக்காமல் பேசக்கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். ஒருநாள் காலையில் கேனை எதிர்வீட்டில் வைக்கும்போது, "பெரம்பலூர் வரைக்கும் போறேன். வர பொழுது சாஞ்சுடும்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். வெள்ளை வேட்டி, தோளில் பை. மாயவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில், எதிர்வீட்டுக்குப் பின்னால் கருவேலம் மண்டிய காலி மனை வழியாக வந்து, மதில் ஓரத்து முருங்கைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். முள் குத்தியது. பழைய நாட்கள் திரும்பிவிட்ட மாதிரி உடம்பில் ஒரு தெம்பு வந்தது.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கேனில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்குகிற நேரம். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. வந்தது மாயவன் இல்லை, கலியம்மாள். அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையை வேணுகோபாலுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கேனை எடுத்து, சேர்ந்திருந்த தண்ணீரையெல்லாம் வாழையடியில் கவிழ்த்தாள். தேங்காய் நாரால் கேனை உள்ளே விட்டுத் தேய்த்தாள். இரண்டு முறை அலசினாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து, கேன் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி ஊற்ற ஆரம்பித்தாள்.

வேணுகோபால் மதில் சந்து வழியாகப் பாய்ந்தார்.

"நிறுத்தும்மா! என்ன கலக்குற அதுல?"

கலியம்மாளுக்குக் குடம் கை நழுவப் பார்த்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முகம் வெளிறி, பிறகு வெட்கத்தில் சிவந்தது. சத்தம் கேட்டு மாயவன் பின்னால் ஓடிவந்தார்.

"சார்! பெரம்பலூரு போகலீங்களா?"

"உன் வூட்டுக்காரி என்ன பண்றான்னு கேளு முதல்ல. நான் கேட்டது ஏ.சி. தண்ணி. அதக் கீழ கொட்டிட்டு வேற எதையோ ஊத்துறா. என் கண்ணால பாத்தேன்."

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் கலியம்மாள். "தப்புதான். நீங்க அந்தத் தண்ணிதான் கேட்டீங்கன்னு இவரு சொன்னாரு. ஆனா அத எப்படிங்க குடுக்குறது? மெசினு கழிச்சு ஒழுக விடுற தண்ணி. அதப் போயி மனுசன் வயித்துக்குக் குடுக்கலாமுங்களா?"

வேணுகோபால் கேன் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"உங்க வூட்டுல கொழாத் தண்ணிக்குக் கஷ்டம் போலருக்கு, நல்ல தண்ணின்னு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு ஒழுகுற தண்ணி போதும்னு கேக்குறீங்கன்னு நெனச்சேங்க. அதான் கொழா வர்ற அன்னிக்குப் புடிக்கிற மொதக் கொடத்த உங்களுக்குன்னு எடுத்து வச்சுடுவேன். கொள்ளிடத் தண்ணிங்க சார். வேற ஒண்ணும் கலக்கல, எம்புள்ள மேல சத்தியமா."

மாயவன் மெல்ல, "நான் சொன்னேன் சார், கேட்டதக் குடுன்னு. இவ கேக்க மாட்டா" என்றார்.

"எப்படிக் கேக்குறது?" என்று அவர் பக்கம் திரும்பிய கலியம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. "எங்க அம்மா வூட்டுல, நான் வாக்கப்பட்ட வூட்டுல, எங்கயும் இவங்க பக்கத்து ஆளுங்க வந்து ஒரு வாய் தண்ணின்னு கேட்டதில்ல. வெயில்ல நாக்கு வறண்டாலும் நம்ம வாசலத் தாண்டிப் போயித்தான் கேப்பாங்க. காதுகுத்துக்கு வந்தாரு, வாய் நனைக்காமப் போனாரு. சக்கரைன்னாரு, சரின்னு விட்டுட்டோம். ஆனா தெனம் நம்ம வூட்டுத் தண்ணியத்தான குடிக்கிறாரு! அரும்பாவூரு சம்மந்திகிட்டகூடப் பெருமையாச் சொல்லியிருக்கேன். அவருக்குப் போயி கழிவுத் தண்ணியக் குடுன்னா எனக்கு எப்படி மனசு வரும்?"

சட்டைப் பையில் அந்தக் காகித மடிப்பு இருந்தது. வேணுகோபாலின் கை தானாக அதன்மேல் போய் நின்றது. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் உன் தண்ணீரை ஒரு சொட்டும் குடித்ததில்லை, பூச்சி தின்னும் செடிக்கு ஊற்றினேன், விஷம் இருக்கிறதா என்று காய்ச்சிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பணிக்காலம் முழுவதும் எவன் பொய்யையும் அவர் பொறுத்ததில்லை. இப்போது உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை, தானே ஒரு பொய் சொல்லவும் வழி தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. காலுக்குக் கீழே, வாழையடியில், செடிகளுக்கு வரவேண்டிய தண்ணீர் ஊறிப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி நல்லாத்தான இருக்குங்க சார்? உப்பு கிப்பு தட்டுதுங்களா?" என்று கலியம்மாள் பயந்துகொண்டே கேட்டாள்.

வேணுகோபால் தலையில் இருந்த துண்டை எடுத்தார்.

"வெயில்ல நின்னு தாகமா இருக்கு. ஒரு டம்ளர் குடும்மா."

"உள்ள வாங்க சார், உக்காந்து குடிங்க" என்றாள் அவள்.

போனார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கக் கை எழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு, வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தார். குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். அது பொய்யில்லை.

கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மாயவன் வாசல் கேட்டுவரை வந்தார். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, உள்ளே கேட்காத குரலில், "செடிக்குத்தான சார்?" என்றார்.

வேணுகோபால் நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

"அன்னிக்குச் சொம்பு தொங்குன செடிய ஞாபகம் வச்சு இப்பத்தான் எனக்கும் வெளங்குச்சு. அவ பேசிட்டே இருக்கும்போது உங்க மொகத்தப் பாத்தேன்." மாயவன் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க சார். ராத்திரி ஓடுற ஏ.சி. தண்ணிய நான் வேற கேன்ல புடிச்சு, விடிய முன்ன உங்க கேட்டுக்குப் பக்கத்துல வச்சுடுறேன். இத நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி, கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பழைய பஸ்ஸும், மூட்டையோடு நின்ற அந்த இரண்டு பெண்களும் வேணுகோபாலின் கண்முன் வந்தார்கள். ஒருவேளை மாயவன் அன்று முன்னாலிருந்து வரிசையாகத்தான் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தாரோ? இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர் தன்னையே சந்தேகப்பட்டார். அது எவ்வளவு கசப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜோதி போர்ட்டிகோவுக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க, பெரம்பலூருக்குப் போகலையா? புடிச்சீங்களா? யாரு?"

அவர் கருகிய செடிகளைக் கடந்து நேரே அடுப்படிக்குப் போனார். குடிதண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்துவிட்டு, கேனைச் சாய்த்தார்.

"ஐயோ, அது செடித் தண்ணிங்க!"

"இது குடிக்கக் குடுத்த தண்ணி" என்றார் வேணுகோபால். கடைசிச் சொட்டு விழும்வரை கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டார்.